உப்பு போடாத வெள்ளரி

வெள்ளரிப் பிஞ்சை நறுக்கியதும் எழுந்த வாசம் என்னைப் பழைய கோச்சடை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. சித்திரை வெயிலில் அங்கே மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிடும். மத்தியானம் அடுப்பு எரியாது. ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் அப்பாவே பேசினில் கலந்து, தண்ணீர்ப் பானையடி ஈரமணலில் வைப்பார். உப்பு மட்டும் போடமாட்டார்.

“உப்பு போட்டா வெள்ளரி தண்ணி விட்ரும். எல்லாரும் வரட்டும்.”

ஒருநாள் அவரிடம் சண்டைபோட்டுவிட்டு அண்ணன் வெளியே போய்விட்டான். எங்களுக்கோ பசி. “அவனுக்குத் தனியா எடுத்து வைங்களேன்” என்றாள் அம்மா. அப்பா அசையவில்லை. பொழுது சாயும்போது அண்ணன் வாசலில் வந்து நின்றான். அப்பா எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்தார். அவ்வளவுதான் சமாதானம்.

சென்னை வேலைக்குப் போகக்கூடாதென்று நான் சொன்னதற்காக, என் மகள் காலையிலிருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடக்கிறாள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கதவருகே போய்ச் சொன்னேன்: “இன்னும் உப்பு போடலடி.”

தாழ்ப்பாள் விலகியது.

“மாங்கா போட்டியாம்மா?”