செருப்பைக் கழற்றி ஏறும் கார்

"காலை மடக்காதீங்க மாமா. முதல்ல உட்காருங்க. அப்புறம் காலைத் தூக்கி வச்சுக்கலாம்."

மாமனார் உட்காரவில்லை. ஒரு கையால் கார்க் கூரையையும் மறு கையால் மகளின் தோளையும் பிடித்துக்கொண்டு செருப்பை உதற முயன்றார். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கார் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

"செருப்போடவே ஏறுங்கப்பா."

"இருக்கட்டும்மா. மாப்பிள்ளை வண்டி."

மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கார்களுக்கு சீட் தைப்பது அவன் தொழில். பட்டறையில் அவனுக்கு 'ரேஸ்' என்று பெயர். காரணம் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கூபே. இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு. வளைவில் ஆள் சரியாமலிருக்க, விலாவைக் கவ்வும் சீட்டை அவனே தைத்திருந்தான். முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு கடகடத்தது என்று அதை எடுத்துவிட்டு, போல்ட் போட்டு இறுக்கினான். கீழே வெள்ளை விரிப்பு. யார் ஏறினாலும் செருப்பு கையில்தான்.

மைத்துனனும் போன வருடம் ஒரு கூபே வாங்கினான். புதியது, ஆபீசுக்கும் கடைக்கும் போய்வர ஆனது. சத்தமே வராது.

"ரெண்டு கதவு இருந்தா ஸ்போர்ட்ஸ் காரா? எங்க வீட்டு அலமாரிக்கும்தான் ரெண்டு கதவு" என்று ரேஸ் எல்லோர் முன்னும் சொன்னான். மைத்துனனும் சிரித்தான். அன்று காலை, "அப்பாவை நான் கூட்டிட்டு வரேன் அத்தான்" என்றான்.

"அலமாரியில அடைச்சா? நீ துணி மூட்டையை எடுத்துட்டு வா, போதும்."

செருப்பு கழன்றது. மாமனார் உட்கார்ந்தார், விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும். சீட் அவரைக் கவ்வியது. மடங்காத கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் இடம் வேண்டும். ரேஸ் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் மனைவி. அங்கே ஒன்றும் இல்லையென்று அவளுக்கும் தெரியும்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"என் கால்தான் நீளம்" என்றார் மாமனார். முகம் வியர்த்திருந்தது.

மைத்துனன் தன் காரிலிருந்து இறங்கி வந்தான். இருவரும் அவரைத் தூக்கினார்கள். வெளியே வரும்போது அவர் ஒருமுறை கத்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுக் காரில் மைத்துனன் ஒரு பொத்தானை அழுத்தினான். சீட் ஓசையில்லாமல் பின்னால் போனது. மாமனார் ஏறவில்லை. வெறுங்காலைப் பார்த்தார்.

"கால்ல மண்ணா இருக்குப்பா. ஏறலாமா?"

மைத்துனன் அத்தானின் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.

மனைவி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ரேஸ் தனியாகப் பின்னால் போனான். முன்னால் அலமாரி மேடுபள்ளங்களில் மெதுவாக ஏறி இறங்கியது. தன் வண்டி உறுமாதபடி மிதியை லேசாகவே தொட்டான். அப்படியும் உறுமியது.

வீட்டில் இறக்கும்போதுதான் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவந்த செருப்பு ஞாபகம் வந்தது. "பழசுதான், விடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

மறுநாள் காலை ரேஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். காவலாளி செருப்புகளைத் தூணோரம் ஒதுக்கி வைத்திருந்தார். அவற்றை எடுத்து வெள்ளை விரிப்பின் மேல் வைத்தான். வீட்டில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனான். ஒரு வேனுக்கு சீட் தைத்தான். மத்தியானம் மழை பெய்தது.