இரண்டாவது சாவி

என் வாடகைக் காருக்கு இரண்டு சாவிகள். கிரீஸ் கறை படிந்த ஒன்று மட்டுமே இன்று என்னிடம் உள்ளது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பம்மல் பட்டறை மெக்கானிக்கின் முகம் நினைவில் எழுகிறது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்த காலை அது. இருக்கை வரை சேற்றுக்கோடு படிந்த காரின் முன் கலங்கி நின்றேன். சிறுசேரிக்கு மென்பொருள் ஊழியர்களை ஏற்றிச் செல்வதே என் பிழைப்பு. அழைக்காமலே வந்த மெக்கானிக், என் கையிலிருந்த சாவியை வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க சார். இன்ஜின்ல தண்ணி பூந்துகினு கீது. நம்ம வண்டி சேதத்துக்கும் சேத்துதான இன்சூரன்ஸ் போட்டுகிறீங்க? சர்வேயர் வந்து பாக்கட்டும். அதுவரிக்கும் சும்மா வுடுங்க” என்று கூறி, இழுவை வண்டி கொண்டுவரச் சென்றார்.

அழைக்காமல் வருபவருக்கு ஆதாயம் இல்லாதிருக்குமா? ஓடக்கூடிய வண்டியை ஓடாது என்று சொல்லித் தம் பட்டறைக்கு இழுக்கிறார் என ஐயுற்றேன். வெள்ளச் சேதம் உண்டு என்று பாலிசியில் நானே படித்திருந்தேன். பள்ளிப் படிப்பின்றியே ஆங்கிலம் கற்றவன் என்ற செருக்கும் சேர்ந்துகொண்டது. பீரோவிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்துவந்து திருகினேன். ‘டக்’கென்று ஓர் ஓசை, பிறகு அமைதி. சாவியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மறுவாரம் பட்டறையில் இன்ஜினைப் பிரித்துக் காட்டச் சொன்னார் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர். “வெள்ளத்துக்கு கவர் இருக்கு சார். சீட், வயரிங் எல்லாம் கிடைக்கும். ஆனா தண்ணியோட ஸ்டார்ட் பண்ணிருக்காங்க, இன்ஜினுக்குள்ள ராடு வளைஞ்சிருக்கு. இதுக்குத் தனியா இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்கணும், நீங்க எடுக்கல. சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“எங்கிட்டதான் சார்” என்றார் மெக்கானிக்.

“அப்போ உன் வேலைதானா?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் பாலிசித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னாலும் இன்ஜினுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். சர்வேயர் சென்ற பின், மெக்கானிக் தம்மிடமிருந்த, கிரீஸ் கறை படிந்துவிட்ட சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். “இன்னொரு சாவியையும் அன்னிக்கே வாங்கினு போயிருக்கணும் சார். தப்பு என்னுதுதான்” என்று சிரித்தார். திட்டியிருக்கலாம்.

இரு மாதம் பிழைப்பின்றி இருந்தேன். இன்ஜினைச் சீராக்கியவரும் அவரே. ஆயினும் நடந்ததை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல என்னால் இயலவில்லை.

இவ்வாண்டு இன்ஜின் பாதுகாப்பையும் சேர்த்தே பாலிசியைப் புதுப்பித்தேன். மழை எச்சரிக்கை வந்ததும் ஷேர் ஆட்டோவில் பம்மல் சென்று, இரண்டு சாவிகளையும் அவர்முன் வைத்தேன்.

“இன்னா சார், ரெண்டுமா? என்னை நம்பிட்டீங்களா?” என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவர், பீரோச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு, கறை படிந்ததைத் திருப்பித் தந்தார்.

பீரோச் சாவியை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டார், அதில் என்ன சூழ்ச்சி என்று வழியெல்லாம் ஆராய்ந்தேன். குரோம்பேட்டை தாண்டிய பிறகே விளங்கியது: இனி வெள்ளம் வந்து கறைச் சாவியை அவர் வாங்கிக்கொண்டால், அவருக்குத் தெரியாமல் திருக என் பீரோவில் வேறொன்று இராது. நான் அவரை இன்னும் வீணாகச் சந்தேகிக்கிறேன், அவர் என்னைச் சரியாகச் சந்தேகித்திருக்கிறார்.