மயில் விரட்டிய ஐந்து வாட்

குன்னத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையோர வேப்பமரத்தின் மேல் வயரை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வயரோடு கட்டிய கயிற்றின் நுனியில் தண்ணீர் பாட்டில். முதல் இரண்டு எறியும் என் தலைக்கே திரும்பி வந்தன. மூன்றாவதுதான் கிளையைத் தாண்டுகிறது. இந்தப் புது வயர் ஆன்டெனாவும், ஊர் உலகத்தோடு பேச நான் வைத்திருக்கும் சோப்புப் பெட்டி அளவு ஹாம் ரேடியோவும் வெறும் ஐந்து வாட்டில் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

தந்திச் சாவியைத் தட்டி மோர்ஸ் குறியீட்டில் கூப்பிடுகிறேன். சின்ன ஸ்பீக்கர் கீக்கீ என்று கத்துகிறது. உலகத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் காட்டில், நேற்று ஊன்றிய மக்காச்சோள விதையைக் கிளறிக்கொண்டிருந்த ஏழெட்டு மயில்கள் மட்டும் அலறிப் பறக்கின்றன.

காட்டுக்குக் காவலிருந்த அக்கா, கையில் தகரத்தோடு ஓடி வருகிறார். "சார், நிறுத்திடாதீங்க! காலையிலேர்ந்து தகரம் தட்டுறேன், ஒன்னுகூட அசையல."

பெருமை தாங்கவில்லை. அரை மணி நேரம் அடித்துத் தள்ளுகிறேன். திடீரென்று மெலிதாக ஒரு பதில். இலங்கைக்காரர்! கேட்பதற்காகச் சாவியிலிருந்து கையை எடுக்கிறேன். கீக்கீ நிற்கிறது. மயில்கள் இறங்குகின்றன.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"இருங்கக்கா, இலங்கையிலேர்ந்து ஒருத்தர் இதே மாதிரி வயரு கட்டிப் பதில் அடிக்கிறாரு."

அக்கா காட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார்.

"அப்ப அவரையும் வயரோட வரச் சொல்லுங்க சார். வடக்கு மூலையில ஆளே இல்ல."