இடப்பக்க இருக்கை

இடப்பாகத்தை உமையம்மைக்கு ஈந்து, விடையேறி உலகெலாம் உலாவும் பெருமானே, நின் திருவடி போற்றி. நின்பால் மட்டுமே வைக்க வேண்டிய ஆசையைப் பழைய காரொன்றின்மேல் வைத்த அடியேனைப் பொறுத்தருள்க.

ஆவணி வளர்பிறைப் பஞ்சமி, சுவாதி நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை. வாக்குக் கொடுக்க உகந்த நாள் என்றது பஞ்சாங்கம்; ஒன்றரை மணிக்கு இராகுகாலம் தொடங்கும் என்றும் எச்சரித்தது. கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் என் தங்கையின் மகனை அழைத்துக்கொண்டு, ஸ்கந்தபுரத்திலிருந்து கனகராயன்குளத்துக்குப் புறப்பட்டேன். நாற்பதைக் கடந்தவன் அவன். வாய் மட்டும் அடங்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் பந்தயக் கார் தேடிப் போகும், பதிகம் பாடும் கிழவர் வன்னியிலேயே நான் ஒருவன்தான் என்று வழிநெடுகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

காரணத்தை நான் அவனிடம் சொல்லவில்லை.

என் மனைவி கனகராயன்குளத்துப் பெண். எங்கள் திருமணத்தன்று, மணமக்களை ஏற்ற வந்த வண்டி வழியிலேயே பழுதாகி நின்றது. முகூர்த்தத்துக்குப் பின் வீடு புக வேண்டிய நேரமோ நெருங்கிவிட்டது. அவ்வூர் அரிசி ஆலைக்காரர் தமது சிவப்புக் காரைத் தந்தார். தரையோடு தாழ்ந்த இங்கிலாந்துக் கார், இரண்டே இருக்கைகள். தோழனுக்கும் சாரதிக்கும் இடமில்லாமையால், கழுத்தில் மாலையோடு நானே ஓட்டினேன். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தும்வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. மீண்டும் ஏறியபின், குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் கெதியா ஓடுங்கோவன்.” நான் வேகத்தைக் கூட்டினேன்.

அவள் மறைந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அவள் இருந்த அந்த இடப்பக்க இருக்கையை மீண்டும் என் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேட்கை. ஆலைக்காரரும் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி காரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாள்முதல் பூசையிலும் எனக்கு மனம் ஒன்றவில்லை.

ஆலையின் பின்புறத்தில், தறப்பாளால் மூடப்பட்டு, வேப்பஞ்சருகுக்குள் கார் புதைந்து கிடந்தது. சக்கரங்களில் காற்றில்லை. மருமகன் தறப்பாளின் முன்பாதியை விலக்கி, நூலில் கட்டிய காந்தத்தைக் கதவோரமாக இழுத்தான். அது பல இடங்களில் ஒட்டாமல் வழுக்கியது. துருவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்றான். காற்று வடிகட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இயந்திரத்தை முகர்ந்துவிட்டு, போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள் என்றான். இந்தப் பக்கத்தில் அக்காலத்தில் ஓடிய எந்த வண்டிதான் அப்படி ஓடவில்லை?

பிறகு அவன் அடியில் புகுந்தான். அப்போது ஒன்று இருபத்தைந்து. பார்த்து முடித்தபின் வாக்குக் கொடுப்பதே முறை. நானோ இராகுகாலத்துக்கு அஞ்சி, வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தையும் அருகே நின்ற ஆலைக்காரரின் மனைவியான அம்மையாரின் கையில் வைத்துவிட்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். “மாமா, பொறுங்கோ” என்ற குரல் அடியிலிருந்து வந்தபோது வாக்கு என் கையை விட்டுப் போயிருந்தது.

அவன் எழுந்து, கையிலிருந்த திருப்புளியைக் காட்டினான். அடிச்சட்டத்தில் வைத்துத் தள்ளியதும் பிடிவரை உள்ளே போனதாம். “இதில கார் இல்லை மாமா. காரின்ர பேர்தான் இருக்கு.”

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மீதித் தறப்பாளை நானே இழுத்து, கண்ணாடித் தூசியைத் துடைத்து உள்ளே பார்த்தேன். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. இருக்கைக்குப் பதில் ஒரு நீளப் பலகை பூட்டப்பட்டிருந்தது.

நோயாளிகளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகத் தம் கணவர் கழற்றியது என்றார் அம்மையார். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். மருமகனும் அப்போதுதான் அறிந்தான். அதன்பின் அவன் சிரிக்கவில்லை.

அம்மையார் எங்களை விறாந்தைக்கு அழைத்துப் போனார். மரப்பெட்டியொன்றின்மேல் அந்த இருக்கை இருந்தது. சிவப்புத் தோல் கறுத்திருந்தது.

“அவர் கடைசிக் காலம் முழுக்க இதிலதான் இருந்தவர். இப்ப நான் பின்னேரத்தில இதிலயிருந்து றோட்டைப் பாக்கிறனான்,” என்றார். அதன் தோலை ஒருமுறை தடவிவிட்டு, “அச்சாரம் வாங்கியாச்சு. காரோட சேர்ந்ததுதானே, கொண்டுபோங்கோ மாப்பிள்ளை,” என்றார்.

கை வைத்துப் பார்த்தேன். நடுவில் ஆழமாக ஒரு பள்ளம். ஆண்டுக்கணக்காக ஒரு கனத்த மனிதர் இருந்து ஏற்பட்டது. என் மனைவி அதில் இருந்தது ஒரேயொரு பிற்பகல்.

“இது உங்கட இடம், அக்கா. இருக்கட்டும்,” என்றேன்.

அவர் அச்சாரத்தை எடுத்து என் கையில் மீள வைத்தார். வெற்றிலையை மட்டும் கணவரின் படத்தின்முன் வைத்து, என்னை வாக்கிலிருந்து விடுவித்தார். கார் தறப்பாளுக்குள் திரும்பியது.

இராகுகாலத்தில் எவரும் புறப்படுவதில்லை. ஆகையால் மூன்று மணிவரை அங்கேயே தங்கினோம். அம்மையார் தேநீர் வைக்கக் குசினிக்குள் போனார். மருமகன் கதிரையொன்றைக் கொண்டுவந்து, நான் கேளாமலே அவ்விருக்கையின் வலப்பக்கம் வைத்தான். நான் அமர்ந்தேன். வீதியில் பேருந்துகள் முறிகண்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

இதனை வாசிக்கும் அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க. உம் அருகில் இன்று இருப்பவர், நீர் விரும்பும் காலமெல்லாம் உம் அருகிலேயே இருக்க இறைவன் அருள் செய்க.