நிலமில்லாத நாற்றுகள்

பிப்ரவரி வந்துவிட்டால் நினேல் வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் நுழைய இடமிருக்காது. பால் அட்டைப்பெட்டிகளைப் படுக்கவைத்து வெட்டி, மண் நிரப்பி, விதை போட்டு, ஜன்னல் பலகை முழுக்க நெருக்கி அடுக்கிவிடுவாள். வெளியே காமா ஆறு உறைந்து கிடக்கும். அதன்மேல் லாரி போகும். உள்ளே வெந்நீர்க் குழாயின் சூட்டில் தக்காளி முளைக்கும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. ஆனால் நினேல் வீட்டில் மட்டும் மனிதர்கள் செடிக்கு வழிவிட்டு ஒதுங்கி நடக்கவேண்டும்.

நான் அவளுடைய எதிர்வாசல்காரி. உப்பு ஆலையில் அவள் கிரேன் ஓட்டினாள், நான் அதே ஆலையின் கேன்டீனில் குண்டான் கழுவினேன். உயரத்தில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களிடம் கத்திக் கத்திப் பழகியதால், ஓய்வு பெற்ற பிறகும் நினேலின் குரல் இறங்கவில்லை. புருஷன் அர்க்கிப் அதற்குத் தலையாட்டியே காலத்தை ஓட்டினார். ஊருக்கு வெளியே ஆலை அவர்களுக்குக் கொடுத்த துண்டு நிலம் வெறும் சேறு. இரண்டு பேரும் வாளி வாளியாக மண் சுமந்து கொட்டி அதை மேடாக்கினார்கள். ஆலையில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் இழுத்தடித்த காலத்தில், அவர்கள் மகன் ரோதியோன் வயிறு காயாமல் வளர்ந்தது அந்த மண்ணால்தான்.

விதைப்பதற்கு முன்னால் நினேல் விதையை ஈரத்துணியில் சுருட்டி மார்க்கச்சுக்குள் வைத்துக்கொள்வாள். இங்கே பல பெண்கள் செய்வதுதான்.

"உடம்புச் சூடு பட்டாத்தான் விதை கண்ணைத் திறக்கும்டி" என்பாள்.

"அப்ப வாயில வெச்சுக்க. உனக்கு அங்கதான் சூடு அதிகம்" என்பேன் நான்.

அர்க்கிப் இறந்துபோன பிறகு அந்தத் தோட்டம் மகன் பேருக்கு மாறியது. ரோதியோன் இப்போது பெரிய நகரத்தில் இருக்கிறான். போன இலையுதிர் காலத்துக் கடைசியில் ஒருநாள் அம்மா வீட்டுக்குள் போவதற்கு முன்னால் என் கதவைத் தட்டினான். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே நின்றான்.

"ரிம்மா அத்தை, தோட்டத்தை வித்துட்டேன். அம்மாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு, இனிமே அங்க போய் என்ன பண்ணப்போறா? நீங்க பக்குவமா சொல்லிடுங்களேன்."

"ஏன், உன் நாக்குக்கு என்ன ஆச்சு?"

"அவ கத்துவா, அத்தை."

"கத்தட்டும். பெத்தவ கத்தினா காது அறுந்தா விழுந்துடும்? வித்தவன் நீ. நீயே சொல்லு."

புத்தாண்டுக்குச் சொல்கிறேன் என்றான். புத்தாண்டுக்கு வந்தான், மீன் சாலட்டை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான், போய்விட்டான். மார்ச் மாதம் பெண்கள் தினத்துக்கு மஞ்சள் பூங்கொத்தோடு வந்தான். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்குள் நினேல் விதைத்துவிட்டாள். இலையுதிர் காலத்தில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மண் மூட்டை, பால்கனியில் கல்லாக உறைந்து கிடந்தது. அதைக் குளியல் தொட்டியில் போட்டு இளக்கி, சலித்து, பெட்டிகளில் நிரப்பினாள். தக்காளி, குடைமிளகாய், ஓரத்தில் கொஞ்சம் சதகுப்பையும் பார்ஸ்லியும். பனிக்கட்டியை உருக்கி அந்தத் தண்ணீரை ஊற்றினாள். முளைகள் எழும்பி மெல்லிய தலைகளைத் தூக்கின. இந்த வருடம் இதற்கெல்லாம் எங்கே இடம்? அவளிடம் யார் சொல்வது?

"நினேல், இவ்வளவு எதுக்கு? கொஞ்சமா போட்டிருக்கலாமே" என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தேன்.

"முளைச்சதைப் பிடுங்கி எறியச் சொல்றியா?"

ஏப்ரலில் ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து, வேர் நுனியைக் கிள்ளி, தயிர்க் கோப்பைகளில் தனித்தனியாக நட்டாள். இங்கே வசந்தத்து வெயில் சோம்பேறி. அதனால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்க, செடிகளுக்குப் பின்னால் வெள்ளித் தாளை நிறுத்தினாள். மே மாதத்தில் செடிகள் ஜன்னலை மறைத்து வளர்ந்து, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றன. ஒன்றில் மஞ்சள் பூ வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து ரோதியோனுக்கு போன் போட்டேன்.

"செடி பூவே விட்டாச்சு. உன் வாய் இன்னும் திறக்கலையா?"

"சனிக்கிழமை வர்றேன் அத்தை. கண்டிப்பா சொல்லிடறேன்."

சனிக்கிழமை வந்தான். வருடா வருடம் செய்வதைப் போலவே வாய் பேசாமல், கோப்பைகளை அடுக்கிய பெட்டிகளைக் காரில் ஏற்றினான். நினேல் மண்வெட்டியும், குளிர் படாமல் செடிகளை மூடப் பாலித்தீன் சுருளும், வளைகம்பிகளும் எடுத்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் காதில் அந்தச் சேதி விழும்போது பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும் என்று, நானும் மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

ரோதியோன் வண்டியை நத்தையாக ஓட்டினான். பின்கழுத்து சிவந்திருந்தது. பாலத்தைத் தாண்டினால் வலது பக்கம் தோட்டங்களுக்குப் போகும் வழி, இடது பக்கம் கல்லறைக்கு. பாலம் முடிந்ததும் நினேல் வாயைத் திறந்தாள்.

"இடது பக்கம் திருப்பு."

"முதல்ல அப்பாவைப் பாக்கணுமா?"

"திருப்புடா."

பிர்ச் மரங்களுக்கு நடுவே, நீலம் பூசிய கம்பி வேலிக்குள் அர்க்கிப்பின் கல்லறை. ஒரு பெஞ்சு, ஒரு சின்ன மேஜை. கல்லறையை ஒட்டி ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் நிலம். நினேல் எல்லாப் பெட்டிகளையும் இறக்கச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மண்வெட்டியை மகனிடம் நீட்டி, அந்த வெறும் நிலத்தைக் காட்டினாள்.

"இங்க கொத்து."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, இது உனக்கு..."

"எனக்குன்னு விட்டுவெச்ச இடம், தெரியும். நான் வர்றவரைக்கும் அது களை மண்டிக் கிடக்கணுமா?"

"கல்லறை மண்ணுல வெளஞ்சதை யாருடி தின்பா?" என்றேன்.

"நான் தின்பேன். அர்க்கிப் எனக்கு ஒருநாளும் கெடுதல் பண்ணினதில்லை."

ரோதியோன் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடியே நின்றான். "அம்மா, தோட்டம்..." என்று இழுத்தான்.

"புத்தாண்டுக்கு முந்தியே தெரியும்டா. பக்கத்துத் தோட்டத்து க்ளாவா போன் பண்ணினா. எவனோ நம்ம பிளம் மரத்தை வெட்டறான்னு அழுதா."

"தெரிஞ்சும் ஏம்மா விதைச்சே?"

"நாத்தை ஏத்திக்கிட்டுப் போக நீ வந்துதானே ஆகணும்? வந்தா வழியிலயாவது நீயா சொல்லுவேன்னு நெனைச்சேன். பாலம் முடியறவரைக்கும் காத்திருந்தேன்."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவன்மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இப்பவாவது சொல்லு" என்றாள் நினேல்.

"வித்துட்டேம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டேன்."

அவள் கத்தவில்லை. அந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் மண் சுமந்தாள் என்பதை எடுத்துச் சொல்லவுமில்லை. தலையை மட்டும் அசைத்தாள். பிறகு கோப்பைகளிலிருந்து ஒவ்வொரு செடியாக வேர்மண் உதிராமல் எடுத்து மேஜைமேல் வைக்க ஆரம்பித்தாள்.

ரோதியோன் கொத்தினான். கண்ணும் மூக்கும் ஒழுக, துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல் கொத்தினான். ஐம்பதை நெருங்கும் ஆள், எதற்குக் கொத்துகிறோம் என்பதே மறந்ததைப் போல ஒரே இடத்தில் கொத்திக் கொத்தி, முழங்கால் மறையும் அளவுக்குப் பள்ளமாக்கிவிட்டான். நினேல் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து, அவன் தோளைத் தொட்டு, சின்ன வயதுச் செல்லப்பேரால் கூப்பிட்டாள்.

"போதும்டா, ரோத்யா. இவ்வளவு ஆழம் வேண்டாம். இப்போதைக்குத் தக்காளிக்குத்தான்."