லீவு லெட்டரும் என் சிவப்புப் பென்சிலும்

அந்தக் காலத்துப் பினாங்கில் இங்கிலீஷ் தெரிந்தவன் பாதி துரை. ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஏழாம் ஸ்டாண்டர்டோடு சரி. அதிலும் கணக்கில் முட்டை வாங்கி வெளியே வந்தவன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, பினாங்குத் தெருவில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்த மாடி அறைக்கு நான்தான் அந்தச் சர்க்கரை.

நான் துறைமுகத்தில் இறங்குகிற சரக்கை எண்ணி எழுதுகிற கிராணி. இரண்டாவது ஆள் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பேர்வழி. மூன்றாவது ஆள் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கிற தராசுக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். வயதுக்கு இல்லை அந்த மரியாதை, இங்கிலீஷுக்கு. நானும் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் அறையில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவன் நான். சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை இங்கிலீஷ் மட்டும்தான். யார் வாயில் தமிழ் வந்தாலும் அன்றைக்கு எல்லாருடைய தட்டும் அவர்தான் கழுவ வேண்டும். தராசுக்காரர் ஒரு வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தார். பாடத்துக்கு என்னிடம் அட்டை கிழிந்த ஒரு பேச்சுப் புத்தகம் இருந்தது. ‘பட்லர் கடுகை மறந்துவிட்டான்’, ‘என் குதிரைக்கு இன்று சுகமில்லை’ என்றெல்லாம் இங்கிலீஷில் சொல்லச் சொல்லித் தரும். எங்களிடம் பட்லரும் கிடையாது, குதிரையும் கிடையாது. கடுகு மட்டும் ஒரு டப்பா நிறைய இருந்தது. அதையே வைத்து ஒரு வருஷம் ஓட்டினோம்.

ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தது. வாசனை எனக்கு வந்தது, டிரஸ்ஸருக்கும் வந்தது, தராசுக்காரருக்கும் வந்தது. அடிப்பிடிக்கிறது என்பதற்கு இங்கிலீஷில் என்னவென்று மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தட்டுக் கழுவ யாருக்கு ஆசை? பருப்பு கரிந்து, சட்டி கரிந்து, கீழ்வீட்டுச் சீனத்தி ‘தீ, தீ’ என்று மலாயில் கத்திக்கொண்டு மாடியேறி வந்த பிறகுதான் எழுந்தோம். அன்றைக்கு வெறும் சோறும் ஊறுகாயும். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போது தராசுக்காரருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவர் ஊர். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள், கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது, உன் பேரைச் சொல்லியே கிடக்கிறாள், முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று தம்பி எழுதியிருந்தான். அம்மாவைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது அவருக்கு. நாகப்பட்டினத்துக்குப் பத்து நாளைக்கொரு கப்பல். அடுத்த கப்பல் நாலாம் நாள்.

லீவு வேண்டும். லீவு என்றால் கிட்டங்கித் துரைக்கு இங்கிலீஷில் லெட்டர் எழுதவேண்டும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். தராசுக்காரர் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற மனு எழுதுகிறவரிடம் போகக் கிளம்பினார். நான் விடவில்லை.

“நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், வெளிய போறீங்களா? நீங்களே எழுதுங்க, நான் திருத்தித் தர்றேன். துரை அசந்து போயிடணும் லா!”

அவர் விடிய எழுந்து எழுதினார். மூன்றே வரி. என் அம்மா சாகக் கிடக்கிறாள், நான் போகவேண்டும், லீவு கொடுங்கள். அவ்வளவுதான். ஆபீசிலிருந்து நான் தள்ளிக்கொண்டு வந்த சிவப்புப் பென்சிலால் மூன்று வரியையும் அடித்தேன்.

“துரைக்கு இப்படியா எழுதுவாங்க? ‘வித் டியூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன்’னு ஆரம்பிக்கணும். கும்பிடு போடாம கோயிலுக்குள்ள போவீங்களா?”

“அண்ணே, அம்மாவுக்கு முடியலன்னு மட்டும் எழுதினா போதாதா?”

“போதாது. ‘அட் டெத்ஸ் டோர்’னு எழுதுங்க. மரணத்தோட வாசல்ல நிக்கிறாங்கன்னு அர்த்தம்.”

“நிக்க முடியலியே அண்ணே, படுத்துல்ல கெடக்குது?”

டிரஸ்ஸர் சுருண்டு சுருண்டு சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இரண்டு பேரையும் திட்டினேன். அந்தச் சண்டையில் முதல் கப்பல் போய்விட்டது.

பிறகு தினமும் ஒரு லெட்டர். எழுத்து சாய்ந்திருந்தால் அடிப்பேன். மை சிந்தியிருந்தால் அடிப்பேன். கடைசியில் ‘யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்’ விட்டுப்போயிருந்தால் முழுசையும் மறுபடி எழுதச் சொல்வேன். மூட்டை நிறுத்துக் காய்த்துப்போன கை அது, பேனா பிடித்தால் நடுங்கும். அவர் எழுதுவதை நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிடித்திருந்தது. ஆபீசில் நாள் முழுக்க என்னை ஒருத்தன் அடித்துத் திருத்துவான், சாயங்காலம் நான் ஒருத்தரைத் திருத்துவேன்.

இரண்டாவது கப்பலும் போனது. அன்றைக்கு டிரஸ்ஸர் சிரிக்கவில்லை.

“டேய், நீயே எழுதிக் குடுத்துத் தொலையேன்டா. பெத்தவ கெடக்கிறா அங்க.”

“நான் எழுதினா கையெழுத்துக் காட்டிக் குடுத்துடும். அரைகுறையா ஒண்ணைக் கொண்டு போய் நீட்டினா, கூலின்னு நெனைச்சு லீவு இல்லைன்னுடுவான்” என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவது கப்பலும் போன பிறகுதான், நாலாவது வாரக் கடைசியில், ஒரு பக்கம் நிறைய, குறை சொல்ல இடமில்லாமல் ஒரு லெட்டர் தயாரானது. துரை அதைப் படிக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க நானும் கூடவே போனேன். புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு போனேன்.

துரை கிட்டங்கி வாசலில் நின்று யாருடனோ கத்திக்கொண்டிருந்தான். தராசுக்காரர் லெட்டரை இரண்டு கையாலும் நீட்டினார். துரை அதை வாங்கினான், பிரிக்கவில்லை, அதாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டான். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டான்: “ஆப்பா மாவு?”

தராசுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, “எமாக் சாக்கிட், துவான். மாவு பாலிக்” என்றார். அம்மாவுக்குச் சீக்கு, துரை, ஊருக்குப் போகணும். பசாரில் மீன் வாங்கப் பேசுகிற மலாய்தான்.

துரையின் முகம் மாறத்தான் செய்தது. “அடடா” என்கிற மாதிரி உச்சுக்கொட்டினான். போய்விட்டு வா, மூன்று மாதம் எடுத்துக்கொள் என்று மலாயிலேயே சொல்லிவிட்டு, தலைமைக் கிராணியைக் கூப்பிட்டுப் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னான். ஒரு நிமிஷம் ஆகவில்லை. லெட்டர் அவன் கையிலேயே மடித்தபடி இருந்தது.

வழியெல்லாம் நான் துரையைத் திட்டிக்கொண்டே வந்தேன். படிக்காத காட்டான், இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தராசுக்காரருக்குத் தெரிந்த மலாய் அது. கடிதம் வந்த மறுநாளே போய்ச் சொல்லியிருப்பார், நான் குறுக்கே விழாமல் இருந்திருந்தால்.

நாலாவது கப்பலுக்கு அவர் டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. ஊரிலிருந்து அதே கப்பலில் வந்து இறங்கிய ஒரு தஞ்சாவூர்க்காரர் தராசுக்காரரின் ஊர்ப்பேரைச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார். கையில் தம்பி கொடுத்தனுப்பிய கடிதம். நாலு முனையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. பிரிக்காமலே சாவுச் சேதி என்று தெரிந்துவிட்டது.

தராசுக்காரர் நின்றபடியே படித்தார். பிறகு, “பன்னெண்டு நாளாச்சாம் அண்ணே” என்றார்.

முதல் கப்பலில் போயிருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் கணக்கில் முட்டை வாங்கினவன்தான், இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்தது. கட்டிப் பிடித்து அழுதிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். காலில் விழுந்திருந்தாலும் தப்பில்லை. பாழாய்ப் போன என் வாய் திறந்து இங்கிலீஷைக் கக்கியது.

“ஐ ஆம் வெரி சாரி.”

அவர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நல்லா இருக்கு அண்ணே,” என்றார். “தப்பு ஒண்ணும் இல்ல.”