முதல் மிதி

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும், சாவியைத் தொடும் முன்பே, ஏசுவடியானின் வலது கால் பிரேக்கை இரண்டு முறை மிதிக்கும். முதல் மிதி லேசானது, தூங்குகிறவரைத் தொட்டுப் பார்ப்பது போல. இரண்டாவது அழுத்தமானது. அதன் பிறகுதான் சீட்டை இழுப்பதும் கண்ணாடியைத் திருப்புவதும். பஸ்ஸில் போகும்போது முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்தால்கூட அந்தக் கால் தரையை இரண்டு முறை அமுக்கும். தண்டலத்தில் அவர் வேலை பார்த்த கார் ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"அண்ணாத்த காலிங் பெல் அடிக்கிறாரு. யாராச்சும் போய் கதவத் தொறங்கப்பா."

"அப்படியா மிதிச்சேன்?" என்று அவரும் சிரிப்பார். மறுநாளும் மிதிப்பார்.

திசையன்விளைப் பக்கத்துக்காரர். 2007இல் இங்கே வந்தவருக்கு ட்ரையல் பார்க்கும் வேலை கிடைத்தது. பழுது என்று வருகிற வண்டியை ஓட்டிப் பார்த்து, இருக்கிறது, இல்லை என்று ஜாப் கார்டில் எழுத வேண்டும். அவர் ‘இருக்கிறது’ என்று எழுதினால்தான் வாரண்டியில் பார்ட் மாற்றுவார்கள். அவசரப்பட்டு எழுதுகிறவர் இல்லை. ‘ஏசு பாத்தாச்சு’ என்றால் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

2013 ஜூலையில் லீலா வந்தார். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியின் முதலுதவி அறையில் நர்ஸ், வீடு குன்றத்தூர். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நின்று நின்று அலுத்துப்போய், நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு வாங்கிய கார். வாங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

"ஷிப்ட் முடிச்சு வந்து வண்டிய எடுக்கசொல்ல, பிரேக் அப்படியே உள்ள பூடுதுண்ணா. அப்பால சரியாயிடுது."

"எப்பவுமே அப்படியா மேடம்?"

"எப்பவும் இல்ல. ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தா, எப்பனா ஒருவாட்டி."

ஏசுவடியான் வண்டியை ராத்திரி முழுக்க ஒர்க்‌ஷாப்பிலேயே நிறுத்தி வைத்தார். காலையில் முதல் ஆளாக வந்து ஏறி உட்கார்ந்து, கிளப்பி, நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பினார். பிரேக் கல் மாதிரி நின்றது. ‘குறை தென்படவில்லை’ என்று எழுதினார்.

பதினைந்து நாளில் லீலா மறுபடி வந்தார். மறுபடியும் அதுவே. மூன்றாவது முறை வந்தபோது அவரையே பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, சுங்குவார்சத்திரம் வரை ஓட்டிக்கொண்டு போனார் ஏசுவடியான். பதினோரு இடத்தில் பிரேக் போட்டார். பதினோரு இடத்திலும் பிடித்தது.

திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் நரசிம்மன் ஜாப் கார்டைப் பார்த்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கிளட்ச்ச மிதிச்சிட்டு பிரேக்குனு நெனச்சிகினு இருப்பீங்க. புதுசா கத்துக்கினவங்க நெறைய பேரு இப்படித்தான் வராங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். லீலா குனிந்து தன் கால்களைப் பார்த்தார், அவை வேறு யாருடையவோ என்பது போல.

ஏசுவடியானுக்கு மனசு கேட்கவில்லை. வாசல் வரை கூடப் போனார். "பயப்படாம ஓட்டுங்க மேடம். மூணு தடவ பாத்துட்டேம்லா. வண்டியில ஒண்ணும் கிடையாது."

"அப்ப என் கால்லதான்னு சொல்றீங்க."

"பழகப் பழகச் சரியாப் போயிரும்."

செப்டம்பரில் ஒரு சாயந்திரம், ஃபேக்டரி பார்க்கிங்கில் லீலா வண்டியைப் பின்னால் எடுத்தார். வாட்ச்மேன் தாண்டவராயன் சுவரோரம் நின்று ‘வா, வா’ என்று கையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ‘போதும்’ என்று கையை உயர்த்தினார். வண்டி நிற்கவில்லை. லீலாவே இறங்கி ஓடி, துப்பட்டாவால் அவர் தொடையை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸில் கூடவே போனார். மூன்றாம் நாள் தாண்டவராயன் இறந்துபோனார்.

இருபது நாள் கழித்து போலீஸ் விடுவித்த வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வரப்பட்டது. பின்கண்ணாடி உடைந்து சீட்டெல்லாம் கண்ணாடித் தூள். உட்கார இடமில்லை. பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடந்ததோ என்ற சந்தேகத்தில் ஏசுவடியான் கதவோரம் குத்துக்காலிட்டு, உள்ளே கையை நீட்டினார். கை பிரேக்கை அமுக்கியது.

பெடல் தரை வரை போனது, தண்ணீருக்குள் கை விட்ட மாதிரி. திரும்ப அமுக்கினார். கல்.

யாரையும் அந்த வண்டியைத் தொடவிடாமல் சாயந்திரம் வரை காத்திருந்தார். மறுபடியும் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். முதல் தடவை தண்ணீர். இரண்டாவது தடவை கல்.

கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஊரில் ஆறு வருஷம் ஓட்டிய மீன் வேன் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும் வேன். அது இரும்புக்கடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், கால் இன்னும் அதை ஓட்டிக்கொண்டிருந்தது. லீலாவின் வண்டியில் ஏறிய மூன்று முறையும், குறை வெளியே தெரிவதற்குள் அந்தக் கால் அதை மிதித்து மறைத்துவிட்டிருந்தது. ஏசுவடியான் எழுந்து சூப்பர்வைசரைத் தேடிப் போனார்.

"பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கு சார். வாரண்டியில மாத்தியிருக்கணும்," என்றார் நரசிம்மனிடம்.

"இப்ப வந்து சொல்லு. ஆக்ஸிடென்ட் ஆன வண்டிக்கு ஏதுப்பா வாரண்டி? டிங்கர் வேலைய முடிச்சு அனுப்பு. நீ இன்னாத்துக்கு போய் மாட்டிக்கிற?"

ஏசுவடியான் ஜாப் கார்டை வாங்கி, ‘முதல் மிதியில் பிரேக் இல்லை. முன்பு மூன்று முறை குறை இல்லை என்று எழுதியது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூருக்கு பஸ் ஏறினார்.

லீலா வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வாசலில் நின்றபடியே ஏசுவடியான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"ரெண்டு வார்த்த ஏசிருங்க மேடம்," என்றார் ஏசுவடியான்.

"வாட்ச்மேன் வூட்டுக்குப் போனீங்களா?"

"இல்ல."

"அங்க போயி மொதல்ல சொல்லுங்கண்ணா. அந்தம்மா என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறாங்க."

அங்கேயும் போனார். தாண்டவராயனின் மனைவி சரோஜா கேட்டுவிட்டு, "கைய ஆட்னவரு போயிட்டாரு. யாரு கால்னு தெரிஞ்சு நான் இன்னா பண்ணப் போறேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

2015இல் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். லீலாவின் வக்கீல், படித்து வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு நகலைக் கொடுத்தார். விபத்து நடந்த அன்றே, துப்பட்டா இல்லாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து லீலா எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அதில் ஏசுவடியானின் பெயரும் இருந்தது. அவர் ஒருபோதும் லீலாவிடம் அதைச் சொன்னதில்லை. அவர் சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜை லீலா பார்த்து வைத்திருக்கிறார்.

‘வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. திரு. ஏசுவடியான் என்பவர் மூன்று முறை பொறுமையாக ஓட்டிப் பார்த்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை’ என்று அதில் இருந்தது.